மச்சானுக்கு வாங்கிய சிடி பிளேயர்

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். கடலூரில் அன்று கடல் காற்று வரவில்லை. மேற்கே நெல்லிக்குப்பம் பக்கம் வானம் கறுத்து நின்று, மழையாக இறங்காமல் புழுக்கத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் இடி முழங்கியதும் என் மனைவி எழுந்து போய் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றின் ப்ளக்குகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து மச்சான் ஃபோன் செய்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் கல்யாணத்தின்போது மீசை அரும்பாத பையன். இப்போது அவனுக்கு அறுபத்து நாலு, எனக்கு எழுபத்து மூன்று. உரக்கடை வைத்துச் சம்பாதித்தவன். சம்பாதித்ததில் பெண்டாட்டிக்கு நகை, பிள்ளைக்குப் படிப்பு போக மிச்சத்தையெல்லாம் பாட்டுக் கேட்கிற சாமான்களில் போட்டான். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும். வலது கை நன்றாக இருந்தது.

"மாமா, பழைய சிடி பிளேயர் படுத்துடுச்சு. தட்டைப் போட்டா சுத்துது, படிக்க மாட்டேங்குது. ஆள் மாதிரியே ஆயிடுச்சு பொட்டியும்."

"ரிப்பேர் பண்ணிப் பாரேன்."

"ரெண்டு வாட்டி பண்ணியாச்சு. புதுசா ஒண்ணு நீங்க பார்த்துச் சொல்லுங்க. நல்லதா. இதான் எனக்குக் கடைசிப் பொட்டி. ஒரே ஒரு கண்டிஷன். சவுண்டைக் கூட்டறது, குறைக்கறது ரெண்டும் என் கையிலயே இருக்கணும்."

அவன் வீட்டில் அமைப்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பிளேயரிலிருந்து வரும் ஒலி முதலில் ப்ரீ ஆம்ப் என்ற பெட்டிக்குப் போகும். அதில்தான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். அங்கிருந்து இரண்டு பெரிய ஆம்ப்புகள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. அவற்றில் குமிழே கிடையாது, வந்ததைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளுவது ஒன்றே வேலை. அவனுடைய ப்ரீ ஆம்ப் பழசு, ரிமோட் இல்லாதது. குமிழைக் கையால்தான் திருப்ப வேண்டும். எழுந்து நடக்க முடியாதவன் யாரையாவது கூப்பிட்டாக வேண்டும்.

கூப்பிட்டால் அவன் மனைவி வருவாள். எனக்குத் தங்கச்சி முறை. அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, குறைக்கச் சொன்னால் ஒன்றுமே கேட்காத அளவுக்குத் திருப்பிவிட்டுப் போய்விடுவாள். மறுபடி கூப்பிட்டுக் கொஞ்சம் கூட்டச் சொல்ல அவனுக்கு மனம் வராது. கேட்காத பாட்டின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அதை நானே பார்த்திருக்கிறேன்.

"குளிக்க, வெளிக்குப் போக, எல்லாத்துக்கும் ஆளைக் கூப்பிடறேன் மாமா. இது ஒண்ணுக்காவது யாரையும் கூப்பிடாம இருக்கணும். கெஞ்சற மாதிரி இருக்கு."

அவன் கேட்டது அவ்வளவுதான்.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு சாமானை இன்னொருவர் பணத்தில் வாங்கச் சொன்னால் ரசீதிலிருந்து ஆணிவரை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கணக்கு எளிதாகவே இருந்தது. புதுப் பிளேயர் எப்படியும் வாங்க வேண்டும். ரிமோட் வைத்த நல்ல ப்ரீ ஆம்ப் தனியாக வாங்கினால் இன்னொரு லட்சத்துக்கு மேல். விலை உயர்ந்த பிளேயர்கள் சிலவற்றில் ஒலியளவு உள்ளேயே இருக்கிறது, ரிமோட்டில் அமுக்கினால் கூடும், குறையும். அப்படி ஒன்றை வாங்கி நேராக அந்த இரண்டு ஆம்ப்புகளில் மாட்டிவிட்டால் ப்ரீ ஆம்ப் தேவையில்லை. ஒரு பெட்டி குறைவு, ஒரு ஜோடி வயர் குறைவு, ஒலி கடந்து போக வேண்டிய வாசலும் ஒன்று குறைவு. இன்றைக்கும் இந்தக் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

எல்லா பிளேயரும் இதற்கு ஒத்து வராது. ஆம்ப் கேட்கிற வோல்ட்டைப் பிளேயர் தர வேண்டும். சிடியில் பாட்டு எண்களாகத்தான் பதிந்திருக்கும். சிலவற்றில் ஒலியைக் குறைக்கும்போது அந்த எண்களையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள், மெல்லக் கேட்டால் பாட்டில் சதை இருக்காது. சிலவற்றில் உள்ளே உண்மையான மின்தடைகளை வைத்துக் குறைக்கிறார்கள், அவற்றில் இந்தக் குறை இல்லை, விலைதான் கூட. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சிதம்பரத்துக்குப் போய் அலமாரியின் அகலத்தை அளந்தேன். ஆம்ப்புகளின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க டார்ச் லைட்டோடு தரையில் படுத்தேன்.

"அவன் பாட்டு கேக்கணும்னான். நீங்க வெள்ளாத்துக்குக் குறுக்கால பாலம் கட்டற மாதிரி அளக்கறீங்க," என்றாள் என் மனைவி.

"தப்பா வாங்கிட்டா யாரைக் கேப்பாங்க? உன் தம்பியையா?"

"உங்களைத்தான் கேப்பாங்க. அதுக்குத்தானே இந்த அளவு."

சென்னையில் இந்த மாதிரிச் சாமான்கள் விற்கும் ஒருவர் கிடைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிளேயர்களைக் காரில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கே வந்தார். முதல் வார்த்தையிலிருந்து என்னை அங்கிள் என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவும் இல்லை.

முதலில் மாட்டியது ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம், எண்களை வெட்டுகிற வகை. அடுத்தது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று இரண்டாயிரம். ஒலியளவை மாற்றும்போதெல்லாம் அதன் வயிற்றுக்குள் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும், மின்தடைகள் மாறுகிற சத்தம். இரண்டிலும் ஒரே நாகஸ்வரத் தட்டைப் போட்டோம். மச்சான் எப்போதும் வைக்கிற மாதிரி மெல்ல வைத்துக் கேட்டோம். அவன் கண்ணை மூடியிருந்தான். எனக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் கேட்டன.

"முதல்ல போட்டதுல தவிலுக்குத் தோலு இல்ல மாமா," என்றான் மச்சான். "வெறும் கட்டைய தட்டற மாதிரி. இதுல தோலு இருக்குது."

"நாப்பத்து நாலாயிரம் ஜாஸ்தி."

"தோலு சும்மா வருமா?"

நான் என் கேள்விகளை எடுத்தேன். எத்தனை வோல்ட், எத்தனை ஓம், வயர் எத்தனை மீட்டர்வரை போகலாம், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எவ்வளவு, தட்டைப் படிக்கிற லென்ஸ் போனால் வேறு கிடைக்குமா. வியாபாரி சிரித்தார்.

"அங்கிள் என்ன ஆடிட்டரா?"

"ஆமாம்."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் அடுத்ததைக் கேட்டேன். "ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போட்டா, வச்ச அளவு ஞாபகம் இருக்குமா?"

"சூப்பர் கேள்வி அங்கிள். இந்த மாடல் கம்பெனிலேருந்து வரும்போது ஃபுல் அளவுலதான் வரும். ப்ரீ ஆம்ப் வச்சிருக்கறவங்கதான் நெறைய பேரு, அவங்களுக்கு அப்படித்தான் வேணும். நான் மெனுல மாத்தி, ரிமோட்டுக்குக் கேக்கற மாதிரி பண்ணிட்டேன். இனிமே மறக்காது."

ரிமோட்டில் அணைத்துப் போட்டுக் காட்டினார். திரையில் 22 என்று வந்தது. பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டார். 22. நான் குனிந்து பார்த்தேன், மச்சானுக்கும் படித்துச் சொன்னேன். வாங்கிவிட்டோம். பழைய ப்ரீ ஆம்ப்பை அவரே நாற்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். சும்மா கிடந்து தூசி படியவா என்று கொடுக்கச் சொன்னது நான்தான்.

செப்டம்பரும் அக்டோபரும் மச்சானுக்கு நன்றாகப் போயின. தட்டு மாற்ற மட்டும் ஆள் வேண்டும், அதற்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். மற்றதெல்லாம் அவன் வலது கட்டைவிரலில். தினமும் மாலை ஃபோன் வரும்.

"மாமா, இன்னிக்கு இருவத்தாறு."

"அவ்ளோ எதுக்கு?"

"அடுப்படிலேருந்து ஒரு குரலு வந்துது, குறைங்கன்னு. அதுக்கு முன்ன இருவத்து நாலுதான் இருந்துது."

பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்கும். "அண்ணா, இவுரு கையில அதைக் குடுத்தீங்களே, உங்களச் சொல்லணும்!" கோபமில்லாத குரல்தான். அவளுக்கும் ஒரு வேலை குறைந்திருந்தது.

நவம்பர் மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மதியத்திலிருந்து இடி. ஞாயிறு காலை மழை விட்டதும் நானும் என் மனைவியும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனோம். ஆலப்பாக்கம் தாண்டி இரண்டு பக்கமும் வயல் ஒரே தண்ணீராகக் கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொரு மணி. தங்கச்சி காபி கொண்டுவந்தாள்.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் போடல அண்ணா, இடியா இடிச்சுது. இப்பதான் நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் மாட்டி வச்சேன்," என்றாள்.

மச்சான் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "யாரும் எழுந்திரிக்காதீங்க," என்றான். "தட்டு உள்ளயே இருக்குது. நானே போடறேன். அக்கா, நீ பாரு."

தன் அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று அவன் காத்திருந்திருக்கிறான். ரிமோட்டைத் தூக்கிப் பிடித்து அமுக்கினான்.

அது அந்த நாகஸ்வரத் தட்டு. தவில் தனியில்தான் தொடங்கும். முதல் அடி என் நெஞ்சில் விழுந்தது. ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன, அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினாள், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மச்சானின் கட்டைவிரல் குறைக்கிற பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. விடாமல், நகம் வெளுக்க அமுக்கினான். சத்தம் ஒரு துளி குறையவில்லை. ரிமோட்டைப் பெட்டிக்கு நேராக நீட்டினான், உயர்த்தினான், பிறகு என்னைப் பார்த்தான். எழுந்திருக்க முயன்று சாய்ந்தான். நான் சுவரோரம் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினேன்.

அரை நிமிடம்கூட இருக்காது. ஸ்பீக்கரிலிருந்து வார்னிஷ் கருகின வாடை வந்தது. மச்சானின் வேட்டி நனைந்து, நாற்காலிக்குக் கீழே தரையிலும் ஈரம். அவன் இன்னும் அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க வாசல்ல நில்லுங்க," என்று என் மனைவி என்னைத் தள்ளினாள்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு நின்றார். "என்னாங்க, வீட்டுல விசேஷமா? மேளம் வச்சிருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லலியே," என்று சிரித்தார். தெருவுக்கு இறங்கி வியாபாரிக்கு ஃபோன் செய்தேன்.

"எவ்ளோ நேரம் அங்கிள் கரண்ட் இல்லாம இருந்துச்சு?"

"கரண்ட் இருந்துது. ப்ளக்கைப் பிடுங்கி வச்சிருந்தாங்க. நேத்து மத்தியானத்துலேருந்து."

"அதான். கொஞ்ச நேரம் பிடுங்கி மாட்டினா ஒண்ணும் ஆகாது, உள்ள இருக்கற ஞாபகம் சில மணி நேரம் தாங்கும். அப்புறம் கம்பெனி செட்டிங்குக்குப் போயிடும். ஃபுல் அளவு, ரிமோட்ல குறைக்க முடியாது."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"யாரு அங்கிள் ப்ளக்கைப் பிடுங்கி வைப்பாங்க?"

"இடி இடிச்சா நீங்க பிடுங்க மாட்டீங்களா?"

"எங்க அபார்ட்மென்ட்ல எதுக்குப் பிடுங்கணும்?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம்வரை, உள்ளே போனால் ஸ்ரீமுஷ்ணம்வரை, முதல் இடிக்குப் ப்ளக்கைப் பிடுங்காத வீடு ஒன்றை அவர் காட்டட்டும். ஒவ்வொரு புயலுக்கும் டிவி எரிந்து, ஃப்ரிட்ஜ் எரிந்து, மோட்டார் எரிந்து கற்றுக்கொண்டது. மூச்சு விடுவீர்களா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, நானும் அவரிடம் எங்கள் வீடுகளில் இப்படிச் செய்வோம் என்று சொல்ல நினைக்கவில்லை. அவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுக் காட்டியது இரண்டு நொடி. தேசம் தேசமாக விற்கும் கம்பெனிக்காரன் எழுதிய புத்தகத்தில் இடியைப் பற்றி ஒரு வரி இருந்தது: இடி மின்னலின்போது ப்ளக்கைப் பிடுங்கி வைக்கவும். பிடுங்கினால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.

உள்ளே போனேன். மச்சானுக்கு வேறு வேட்டி கட்டியிருந்தார்கள். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது.

"இது பெரிய விஷயமில்ல," என்றேன். "இனிமே அந்தப் ப்ளக்கை மட்டும் பிடுங்கக் கூடாது. இல்ல, பிடுங்கினா திரும்ப மாட்டும்போது மெனுல ஒரு தடவை மாத்தணும். நான் எழுதி ஒட்டிடறேன்."

தங்கச்சி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "இடி இடிச்சா பிடுங்காம இருக்க என்னால முடியாது அண்ணா. அந்த மெனு கினு எல்லாம் எனக்கு வராது. ஒரு நாளு மறந்துட்டா? இன்னிக்கு வேட்டியோட போச்சு."

"அவனே ரிமோட்ல..."

"மாமா." மச்சான் திரும்பவில்லை. "போதும்."

"சரி, ரிமோட் வச்ச ப்ரீ ஆம்ப் ஒண்ணு நடுவுல போட்டுடலாம். நான் வாங்கித் தர்றேன். அதுல இந்தத் தொல்லை வராது."

"ரிமோட்டுன்னு எதையும் இனிமே என் கையில குடுக்காதீங்க. அமுக்கினேன் மாமா. அமுக்கினேன், அமுக்கினேன். நீங்க பார்த்தீங்க இல்ல?" அதே குழறலில், "உங்களுக்கு நான் பாட்டு கேக்கணும்னு இல்ல மாமா. ஒரு பொட்டி குறையணும், அவ்ளோதான்," என்றான்.

கல்யாணமாகி ஐம்பது வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் அக்காவாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் உடைந்த பீங்கானைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினோம். பரங்கிப்பேட்டை கைகாட்டிவரை அவள் வயல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அவன் சொன்னதுல என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் யாருக்கும் கடன்பட விரும்பவில்லை. எரிந்துபோன ட்வீட்டர்களை, அதாவது ஸ்பீக்கரில் மேல்ஸ்தாயி ஒலிக்கிற சிறு துண்டுகளை, சென்னையிலிருந்து தருவித்து மாட்டச் செய்தேன். பிளேயரின் முழு விலையை மச்சானின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். தங்கச்சியிடமிருந்து, 'வந்துடுச்சு அண்ணா' என்று ஒரு செய்தி. பிளேயரை அந்த வியாபாரியே திரும்ப எடுத்துக்கொண்டார், உபயோகித்த சாமான் என்பதற்காக அவர் சொன்ன விலைக்கு. மூன்று மாதம்கூட ஆகாத சாமான். பெட்டியைத் தூக்கும்போது, "நல்ல செலக்‌ஷன் அங்கிள்," என்றார்.

பொங்கல் கழித்து ஒருமுறை தனியாகப் போனேன். ட்வீட்டர் மாற்றிய ஸ்பீக்கர்கள் பளபளவென்று நின்றன. ஆம்ப்புகள் இரண்டின் மேலும் துணி போர்த்தி, மாத்திரை டப்பா, தைல பாட்டில், மடித்த துண்டுகள் வைத்திருந்தார்கள். மச்சானின் தலைமாட்டில் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர், உள்ளங்கை அளவு. அடுப்படியில் தங்கச்சியின் ஃபோனிலிருந்து அதற்குப் பாட்டு வரும். நான் போனபோது ஏதோ பக்திப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அவளுக்கு ஃபோன் வந்ததும் பாட்டு நின்று, அவள் யாரோடோ பால் விலை பேசுவது கேட்டது, பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"இதுதான் கேக்கறியா?"

"அவ போடறது."

"உனக்கு இது பிடிக்காதே."

"போட்டா ஓடும். நிறுத்தினா நிக்கும்." அவன் வலது கை போர்வைக்குள் இருந்தது. "காபி சாப்பிட்டீங்களா மாமா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. இல்லை என்றால் அவன் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

மச்சானுக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று இரண்டாயிரம். ட்வீட்டரும் அதை மாட்டிய கூலியும் இருபத்து மூவாயிரத்து அறுநூறு. போக வர பஸ், ஆட்டோ ஆயிரத்து நானூற்று அறுபது. வியாபாரியிடமிருந்து வந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கழித்தது போக என் கையிலிருந்து போனது ஒரு லட்சத்து ஏழாயிரத்து அறுபது ரூபாய்.